நம்பருக்குப் பரிசு, பேருக்குப் பரீட்சை

1

செய்தவர் யார் என்பதை மறைத்தால்தான் செய்த பொருளுக்கு நியாயம் கிடைக்கும் என்றால், அதை நியாயம் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியை நான் தத்துவப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. ஒரு கைவேலைக் கண்காட்சியின் விதிமுறைச் சீட்டிலிருந்து எடுத்தேன். பொருளின் மேல் பெயரோ முகவரியோ இருக்கக் கூடாது, வரிசை எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தார்கள்.

நான் தையல்காரி. பாகூர்க் கொம்யூனில் ஒரு காலனியில் மெஷின் மிதித்துப் பிழைக்கிறவள். சாயங்காலத்தில் தெருப் பெண்களுக்குத் தையலும் குரோஷாவும் சொல்லித் தருகிறேன். கண்காட்சி, கைவேலை, பரிசு என்றாலே நம் தோழர்களுக்கு ஒரு சிரிப்பு வருகிறது. "உல்லன் குல்லாவுல இன்னாக்கா அரசியல்?" என்று ஒரு தம்பி கேட்டான். புதுச்சேரி வெயிலுக்குப் பச்சைக் குழந்தையைத் தவிர யாருக்கும் உல்லன் குல்லா வேண்டியதில்லைதான். ஆனால் ஒரு கை செய்ததை இன்னொரு கை வாங்கித் தொட்டுப் பார்த்து, இது நல்லது, இது அதைவிட நல்லது என்று சொல்கிற இடம் கண்காட்சி. தொடுவதும் தொடாததும் வைத்து ஆளப்பட்ட ஒரு சமூகத்தில் அது சின்ன விஷயமா? யோசித்துப் பார்க்க வேண்டும்.

2

வில்லியனூர்ப் பக்கம் நடந்த கண்காட்சி அது. நடத்தியவர் யார் என்பது இங்கே வேண்டாம். எங்கே நடந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்பதுதான் என் பேச்சு. ரவிக்கை தையல், எம்ப்ராய்டரி, உல்லன் பின்னல், குரோஷா, ஒயர் கூடை, பழைய துணியில் புதுப்பொருள் என்று பிரிவு பிரித்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர் பொருள் கொடுத்தோம். அதில் ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். வெள்ளை நூலில் அன்னாசி டிசைன் போட்டு ஒரு மேசை விரிப்பு பின்னியிருந்தாள். இரண்டரை மாசம், வேலை முடிந்து வந்து இராத்திரியில் பின்னியது. அதற்கு 17ஆம் நம்பர் ஒட்டினார்கள்.

நடுவர்கள் மூன்று பேரும் வேலை தெரிந்தவர்கள். அதைச் சொல்லியாக வேண்டும். விரிப்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். நூல் முனையை எங்கே மறைத்திருக்கிறாள், கண்ணி எல்லாம் ஒரே இறுக்கமா, மூலை சுருங்கி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். 17க்கு முதல் பரிசு போட்டார்கள். அது சரியான தீர்ப்பு.

அப்புறம் மைக்கில் பேரும் முகவரியும் படித்தார்கள். முகவரியில் 'காலனி' இருந்தது. பிள்ளை மேடை ஏறினாள். நடுவரில் ஒருவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "நீயே பின்னினதா? கடையில வாங்கிக்கினு வரலியே?" என்று கேட்டார். அதோடு விடவில்லை. நூலும் குரோஷா ஊசியும் வரவழைத்து, எல்லார் முன்னாலும் நாலு வரிசை பின்னிக் காட்டச் சொன்னார். அவள் பின்னினாள். கை நடுங்கவில்லை. கூட்டம் கைதட்டியது. எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு வாங்கியவர்களிடம் யாரும் ஊசி நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா சொன்னது: "நம்பரா இருந்தவரைக்கும் நல்லாத்தான இருந்திச்சி. பேரைச் சொன்னதுதான் வம்பு. தூக்கைக் குடுத்து அனுப்பிட்டிருந்தா பேசாம வாங்கிக்கினு வந்திருக்கலாம்." பிள்ளை சொன்னது: "நம்பரா பின்னுச்சி? நான்தானம்மா பின்னினேன்."

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நான் பல நாளாக மாட்டிக்கொண்டு இருக்கிறேன்.

3

அம்மா சொல்வதில் அனுபவம் இருக்கிறது. பேரை மறைப்பது ஏழைக்கு ஒரு கேடயம். பொதுத் தேர்வில் விடைத்தாளுக்கு நம்பர் போடாமல் பேர் போட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் பாஸ் ஆகியிருப்போம்? நம் பிள்ளைகள் டாக்டராகவும் தாசில்தாராகவும் வந்ததற்கு இடஒதுக்கீட்டோடு சேர்ந்து இந்த நம்பருக்கும் பங்கு உண்டு. திருத்துகிறவருக்கு எழுதினவர் யார் என்று தெரியாது. தெரியாத வரைக்கும் அவர் நேர்மையானவர்.

ஆனால் பேரை மறைப்பது எல்லாருக்கும் ஒன்று போல வேலை செய்வதில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்டார்கள். பெரிய காரியம். இன்றைக்கும் தமிழ்நாட்டில் பேரைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது என்று பெருமையாகச் சொல்கிறோம். பட்டம் இருந்தவர்கள் பட்டத்தை விட்டார்கள். நமக்கு விடுவதற்குப் பட்டம் ஏது? நம் பட்டம் முகவரியில் இருந்தது. சேரி என்று இருந்தது, பிறகு காலனி என்று ஆனது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப் போவதாகத் தமிழ்நாட்டு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சொல்லை எடுத்தாலும் ஊருக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அங்கேயே இருக்கும். மைக்கில் படிக்கிறவர் வேறு சொல்லைப் படிப்பார், கேட்கிறவருக்கு அதே தெரு ஞாபகம் வரும்.

அந்த நடுவரையே எடுத்துக்கொள்வோம். பேர் தெரிந்த பிறகு விரிப்பு மோசம் என்று அவர் சொல்லவில்லை. அப்போதும் விரிப்பு நல்ல விரிப்புதான். அவர் சந்தேகப்பட்டது விரிப்புக்கும் அந்தக் கைக்கும் உள்ள உறவை. சாதி செய்கிற வேலையே இதுதான். நாம் நட்ட நெல்லைச் சாதி வேண்டாம் என்று சொன்னதில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைகிற நெல் எந்தக் கை நட்டது என்று எந்த அடுக்களையும் கேட்டதில்லை. நாம் பதப்படுத்திய தோல், நாம் முடைந்த கூடை, நாம் அடித்த பறை எல்லாம் ஊருக்குள் போயின. பொருள் தெருவைத் தாண்டும், செய்தவர் தாண்டக் கூடாது. பொருளுக்குத் தீட்டில்லை, செய்த கைக்குத் தீட்டு. அப்படிப் பார்த்தால் பேரை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது கண்காட்சிக்காரர் கண்டுபிடித்த விதி இல்லை. நம் உழைப்பு காலம் காலமாக நம்பர்கூட இல்லாமல் பேரற்றுத்தான் போய்க்கொண்டிருந்தது.

அம்பேத்கர் 1936இல் எழுதினார்: சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்காகப் பிரிப்பது. அந்த மேடையில் நான் பார்த்தது அதைத்தான். வேலைக்கு முதல் இடம். வேலை செய்தவளுக்கு இன்னொரு தேர்வு.

4

இது வெறும் கைவேலைப் போட்டிதானே என்று கேட்பவர்கள் தைத்த துணியின் சரித்திரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மாரை மூடக் கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. பூ கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. அந்தப் பட்டியலில் எத்தனை இடத்தில் ஊசி வருகிறது பாருங்கள். சட்டை தைத்தது. ரவிக்கை தைத்தது. பனியன் பின்னியது. உடம்பைச் சுற்றிக்கொள்கிற துணியைவிட, உடம்பின் அளவுக்கு வெட்டித் தைத்த துணி அவர்களை அதிகம் உறுத்தியிருக்கிறது. இந்த உடம்புக்கு என்று ஓர் அளவு உண்டு, இந்த உடம்பு ஒருத்தருடையது என்று அது சொல்லிவிடுகிறது அல்லவா?

திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் அடிபட்டார்கள். 1829இல் அரசு தடை போட்டது. 1859 ஜூலை 26இல் வந்த பிரகடனம் அவர்கள் மேலாடை அணியலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிகிற விதமாக அணியக் கூடாது என்ற முடிச்சையும் போட்டது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட புலையர் பெண்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1915இல் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில்தான் கழுத்தில் அடிமை அடையாளமாகக் கிடந்த கல்மாலைகளை அவர்கள் அறுத்துப் போட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கதையும் சொல்கிறேன். என் ஆயா சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. என் அம்மா தலைமுறை போட ஆசைப்பட்டபோது ஊர்த்தெருத் தையல்காரர் அளவெடுக்க மாட்டார். அளவெடுத்தால் தொட வேண்டும். "அளவு ரவிக்கை கொண்டா" என்பார். அளவு ரவிக்கை ஒன்று இருந்திருந்தால் புது ரவிக்கைக்கு எதற்கு அவரிடம் போகிறோம்? யாரோ சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் வாங்கி வந்த பழைய ரவிக்கையைத் தெரு முழுக்க அளவுக்குக் கொடுத்து வாங்குவார்களாம். குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் ஒரே அளவு. எங்கள் தெருவுக்கு முதல் தையல் மெஷின் வந்த பிறகுதான் எங்கள் பெண்களின் தோளையும் இடுப்பையும் ஒரு டேப்பு தொட்டது. ஆகவே கண்காட்சியில் 'ரவிக்கை தையல்' என்று ஒரு பிரிவு இருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வராது. பரிசாக எவர்சில்வர் தூக்கு தந்தபோதும் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது என்ற வரிதான் ஞாபகம் வந்தது.

5

பேரில்லாமல் போன பொருளுக்கு வருவோம்.

நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பாதிரிமாரின் மனைவிமார் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். ரேந்தை என்று சொல்வார்கள். அந்தப் பள்ளியில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். பின்னிய காசைச் சேர்த்து அவர்களில் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே நூலால் தன்னை மீட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த லேஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனிலும் சென்னையிலும் கண்காட்சிகளுக்குப் போனது. தொடங்கி வைத்த திருமதி மால்ட்டின் பேர் புத்தகங்களில் இருக்கிறது. அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பின்னி, விற்று, தன்னையே வாங்கிக்கொண்ட அந்தப் பெண்களில் ஒருத்தியின் பேராவது நம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியுமா?

ஆந்திரத்தில் நரசாப்பூரிலும் மிஷனரிகள்தான் லேஸ் கொண்டுவந்தார்கள். முதலில் கற்றுக்கொண்டவர்கள் கிறித்தவர்களான மாலா, மாதிகா ஏழைப் பெண்கள். பிறகு அது வீட்டை விட்டு வெளியே போகாத காப்பு சாதிப் பெண்களின் வேலையாக மாறியது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தக் கதையைச் சொல்கிறது. நாள் முழுக்கப் பின்னினாலும் அதை 'ஓய்வு நேரத்து வேலை' என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள். வயலுக்குப் போன தலித் பெண்கள் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். ஆனாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னுவதுதான் கௌரவம். இங்கே கைவேலை என்பது சாதி கௌரவத்தின் மறுபேராகவே ஆகிவிட்டது.

கடல் தாண்டியும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பர் கிராமம். அடிமைகளின் வாரிசுகள். கிழிந்த வேலைத் துணிகளை ஒட்டுப் போட்டுக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் மாட்டப்பட்டன. 2006இல் தபால்தலையாக வந்தன. தைத்தவர்களின் பேரும் அருகே எழுதப்பட்டது. அதில் பல பேருக்குப் பின்பேர் பெட்வே. பெட்வே என்பது அந்தத் தோட்டத்தை, அவர்கள் முன்னோர்களோடு சேர்த்து, சொந்தமாக வைத்திருந்த எஜமானனின் பேர். பேர் கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது போதும். 2007இல் அந்தப் பெண்களில் சிலர் காசுக் கணக்குக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கணக்குக் கேட்க வேண்டுமென்றாலும் முதலில் பேர் இருக்க வேண்டும். நம்பர் வழக்குப் போட முடியாது.

6

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மேசை மேல் எது வருகிறது, எது வருவதே இல்லை?

'தை' என்பது ஒரே வினைச்சொல். சட்டை தைக்கிறோம், செருப்பும் தைக்கிறோம். பழைய இலக்கியத்தில் 'தையல்' என்றால் பெண், அதுவும் அழகான பெண். ஆனால் செருப்புத் தைப்பவரின் சாதிப் பேர் வசைச்சொல்லாக இருக்கிறது. இரண்டும் ஊசிதான், இரண்டும் நூல்தான். தோலில் ஊசி ஏற்றுவதற்கு இன்னும் அதிகக் கணக்கு வேண்டும், ஒரு துளை தப்பினால் தோல் வீண். பஸ் ஸ்டாண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவரை எந்தக் கண்காட்சிக்காவது கூப்பிட்டிருக்கிறார்களா? மூங்கில் கூடை முடைகிறவருக்குப் பிரிவு இல்லை, ஒயர் கூடைக்குப் பிரிவு இருக்கிறது. வயிற்றுக்குச் செய்தால் தொழில், பொழுதுக்குச் செய்தால் கலை என்ற பிரிவினை சீட்டு அடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

அந்த விரிப்பைக் கண்காட்சியில் ஓர் அம்மா 400 ரூபாய்க்குக் கேட்டார். நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் 75 இராத்திரிக்கு 150 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் போட்டால் கிட்டத்தட்ட 19 நாள். நூல் விலையை விட்டால்கூட நாளைக்கு 21 ரூபாய்தான் கூலி. இதே புதுச்சேரியில் 1936 ஜூலை 30இல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், அதற்குப் பிறகு எட்டு மணி நேர வேலை வந்தது. நாம் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கணக்கு பெண்ணின் இராத்திரிக்குள் இன்னும் நுழையவில்லை. "சும்மா இருக்கற நேரத்துல பின்னினதுதானே" என்றார் அந்த அம்மா. கம்பெனியில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்த பிள்ளைக்குச் சும்மா இருக்கிற நேரம் எது?

இதனால் கண்காட்சியே வேண்டாம் என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். "அவங்க மேசையில நம்ம பொருளை வச்சி, அவங்க வாயால நல்லாருக்குன்னு கேக்கணுமா? அந்த அங்கீகாரம் எதுக்கு?" என்கிறார்கள். பறையைப் பற்றியும் இப்படி ஒரு விவாதம் நம்மிடையே நடந்தது. இழிவாகத் திணித்த பறையை விட்டுவிட வேண்டும் என்று ஒரு தரப்பு, அதைக் கலையாக மீட்க வேண்டும் என்று ஒரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது. குரோஷா ஊசி விஷயம் அதிலிருந்து கொஞ்சம் வேறு. இதை யாரும் நம் மேல் திணிக்கவில்லை. பிறப்பால் வரவில்லை. நாமே விரும்பி எடுத்தோம். சாதி ஒதுக்காத ஒரு வேலையில் நம் கை நல்லது என்று நிரூபணமாகிறபோதுதான் நடுவருக்குச் சந்தேகம் வருகிறது. அவள் ஒரு முறத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தால் "நீயே முடைந்ததா?" என்று கேட்டிருக்கவே மாட்டார்கள். எந்த வேலையில் சந்தேகப்படுகிறார்களோ அந்த வேலையில் போய் நிற்க வேண்டியது அவசியம் என்று நினைக்கிறேன்.

அங்கீகாரம் பற்றியும் என் கருத்து இது. விரிப்பு நன்றாக இருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். கண்ணி தவறினால் எட்டு வரிசை பிரித்துத் திரும்பப் போட்டவள் அவள். அந்த மதிப்பை யாரும் தரவில்லை, யாரும் எடுக்கவும் முடியாது. மேடையிலிருந்து அவளுக்கு வர வேண்டியது வேறு. இது இவள் செய்தது என்று பொதுவில், தயங்காமல், சோதிக்காமல் ஒப்புக்கொள்வது. அது தயவு இல்லை, கடன்.

7

ஆகவே அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நான் எங்கே நிற்கிறேன்? தீர்ப்பு சொல்கிற நேரத்தில் நம்பர் இருக்கட்டும். அந்தக் கேடயத்தைக் கீழே போடச் சொல்கிற வீரம் எனக்கு வேண்டாம். ஆனால் நம்பரோடு நின்றுவிட்டால் அது பாதி நியாயம்தான். தீர்ப்பு முடிந்ததும் பேர் பொருளுக்குத் திரும்பி வர வேண்டும். வருகிறபோது பொருளுக்குக் கிடைத்த அதே மரியாதை பேருக்கும் கிடைக்க வேண்டும். அதுவரைக்கும் நல்ல தீர்ப்பு என்பது தெரியாமல் நடந்த நன்மைதான்.

இதற்குச் செய்ய வேண்டியவை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பின்னிக் காட்டச் சொன்னால் பரிசு வாங்கிய எல்லாரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாரையும் சொல்லக் கூடாது. இதை அங்கேயே எழுந்து கேட்க நாலு பேர் கூட்டத்தில் இருக்க வேண்டும். நாற்பது வருசமாக ஊசி பிடித்த நம் தெருப் பெண் ஒருத்தி நடுவர் நாற்காலியில் உட்கார வேண்டும். துணியின் பின்பக்கம் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விற்பனைக்கு வைக்கிற பொருளுக்கு மணிக்கணக்குப் போட்டு விலை எழுத வேண்டும். மாணவர்களும் எழுதுகிறவர்களும் கருத்தரங்குக்கு வருகிற மாதிரி இந்தக் கண்காட்சிகளுக்கும் வர வேண்டும். அங்கே நடப்பதை எழுத வேண்டும்.

'பழைய துணியில் புதுப்பொருள்' என்ற பிரிவுக்கு அடுத்த முறை ஒரு சும்மாட்டைக் கொடுக்கலாம் என்று எங்கள் தெருவில் பேசி வைத்திருக்கிறோம். பழைய புடவையைக் கிழித்து முறுக்கி, சுற்றி, அவிழாமல் இருக்க ஓரம் தைத்தது. நெல் மூட்டை, செங்கல், விறகு, தண்ணீர்க்குடம் எல்லாம் அதன் மேல்தான் போயின. சீட்டில் பொருளின் பயன் என்று ஓர் இடம் இருக்கிறது. பாரம் சுமக்க என்று எழுதுவோம்.